ஃபூஜி கேமராவின் நிறம் கணினியில் ஏன் மாறுகிறது?

ஃபூஜிஃபிலிம் கேமரா வாங்குகிறவர்களில் பலருக்கு முதல் ஏமாற்றம் கணினியில்தான் காத்திருக்கிறது. கேமராவின் பின்திரையில் வானம் ஆழ்ந்த நீலத்தில் இருந்தது. முகங்கள் இயல்பாக இருந்தன. கேமராவின் ஒளியுணரியான சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பை, அடோபி நிறுவனத்தின் படத்திருத்த மென்பொருளான லைட்ரூமில் இறக்கியதும் ஒரு நொடி அதே படம் அதே நிறத்தில் தெரியும். மறுநொடியே சாயம் வெளுத்த துணிபோல் சோகை பிடித்துவிடும். மென்பொருள் படத்தைக் கெடுத்துவிட்டது என்று நினைத்து அடுத்த மென்பொருளைத் தேடி ஓடுகிறவர்கள் உண்டு. அவசரம் வேண்டாம். அந்த ஒரு நொடியில் என்ன நடந்தது என்று புரிந்துகொண்டால், ஃபூஜி படங்களைத் திருத்துவதில் உள்ள குழப்பங்களில் முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

முதலில் தெரிந்தது கேமரா தயாரித்த படம். ஒவ்வொரு ரா கோப்புக்குள்ளும் கேமரா ஒரு சிறிய ஜேபெக் படத்தை முன்னோட்டமாகச் செருகிவைக்கிறது. மென்பொருள் தன் வேலையைத் தொடங்கும்வரை அதைத்தான் காட்டுகிறது. பிறகு சென்சாரின் எண்களை எடுத்துத் தானே ஒரு படத்தைக் கட்டுகிறது. இரண்டாவது வந்தது அந்தப் படம். ஆக, நீங்கள் விரும்பிய நிறம் ரா கோப்பில் என்றுமே இருந்ததில்லை. அது கேமராவின் செயலி சமைத்த நிறம். அதே நிறத்தைக் கணினியிலும் பெற வேண்டுமானால், கேமரா செய்த வேலையை அங்கே யாராவது திரும்பச் செய்தாக வேண்டும். யார் செய்வது, எவ்வளவு செய்வது என்பதில்தான் மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபாடு.

கோப்புக்குள் என்ன இருக்கிறது

ஃபூஜியின் ரா கோப்புக்கு ஆர்.ஏ.எஃப். என்ற பின்னொட்டு இருக்கும். அதில் ஒவ்வொரு பிக்ஸலுக்கும் ஓர் எண் மட்டுமே உண்டு. அந்த இடத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்பதைச் சொல்லும் எண் அது. பெரும்பாலான ஃபூஜி கேமராக்கள் 14 பிட் அளவில் பதிகின்றன என்பதால், முழுக் கருமை முதல் முழு வெண்மை வரை 16,384 படிகள் கிடைக்கின்றன. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். நிழலில் மூழ்கிய முகத்தை மீட்டெடுக்கவும், வெளிறிய மேகத்தில் கொஞ்சம் உருவம் வரவழைக்கவும் ரா கோப்பு இடம் கொடுப்பது இதனால்தான்.

இந்த எண்களோடு ஒரு குறிப்புச் சீட்டும் போகிறது. எந்தக் கேமரா, எந்த லென்ஸ், ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்தின் நிறத்துக்கேற்ற சமன்) என்ன, ஃபிலிம் சிமுலேஷன் எனப்படும் நிற அமைப்புகளில் எது தேர்வாகியிருந்தது, லென்ஸின் வளைவையும் ஓர இருட்டையும் எப்படிச் சரிசெய்ய வேண்டும் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். லென்ஸ் திருத்தக் குறிப்பை லைட்ரூம் தானாகவே எடுத்துப் பயன்படுத்திவிடுகிறது. நீங்கள் எதையும் அழுத்த வேண்டியதில்லை. ஃபிலிம் சிமுலேஷன் குறிப்பை அது மதிக்குமா என்பது நீங்கள் வைத்திருக்கும் அமைப்பைப் பொறுத்தது. வேறு சில மென்பொருள்கள் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

நிறங்களை அள்ளிக் கொட்டும் வெல்வியா என்ற சிமுலேஷனில் எடுத்தாலும், கறுப்பு வெள்ளையான அக்ரோஸில் எடுத்தாலும் ரா கோப்பின் எண்கள் மாறுவதில்லை. அக்ரோஸில் எடுத்த படத்தின் ரா கோப்பிலிருந்து முழு நிறப் படத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். இதே சுதந்திரம் ஜேபெக் மட்டும் எடுத்தவருக்குக் கிடையாது.

எக்ஸ்-ட்ரான்ஸ் என்ற தனி வழி

சென்சாருக்கு நிறம் தெரியாது. அதன் ஒவ்வொரு பிக்ஸலின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஒரு நிறத்தின் வடிகட்டி ஒட்டப்பட்டிருக்கிறது. பச்சை வடிகட்டியின் கீழிருக்கும் பிக்ஸலுக்கு அங்கே எவ்வளவு சிவப்பு இருந்தது என்று தெரியாது; அதை ஊகிக்க வேண்டும். ஒவ்வொரு பிக்ஸலுக்கும் தெரியாத இரண்டு நிறங்களைப் பக்கத்து வீட்டாரிடம் விசாரித்து நிரப்பும் இந்த வேலைக்கு டிமொசைக்கிங் என்று பெயர். ரா கோப்பைத் திறக்கும் எந்த மென்பொருளும் முதலில் செய்வது இதைத்தான்.

வடிகட்டிகளை எந்த ஒழுங்கில் ஒட்டுவது என்பதற்குக் கோடக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1970களில் ஒரு வழி கண்டார். 1976இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. இரண்டுக்கு இரண்டாக நான்கு பிக்ஸல்கள் கொண்ட ஒரு கட்டம்: அதில் இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். இதையே சென்சார் முழுவதும் திரும்பத் திரும்ப அடுக்குவது பேயர் முறை. இன்று விற்பனையாகும் கேமராக்களிலும் கைபேசிகளிலும் பெரும்பான்மை இதன் வழிவந்தவையே.

இந்த முறையில் ஒரு தொல்லை உண்டு. நெருக்கமான இழைகள் கொண்ட துணி, ஜன்னல் கம்பிவலை, தூரத்துக் கட்டடத்தின் செங்கல் வரிசை போன்ற ஒழுங்கான நுண்வடிவங்களைப் படமெடுத்தால், அந்த ஒழுங்கும் சென்சாரின் ஒழுங்கும் மோதிக்கொண்டு, இல்லாத வண்ண அலைகள் தோன்றும். இவற்றை மொய்ரே என்பார்கள். இதைத் தவிர்ப்பதற்காகக் கேமரா நிறுவனங்கள் சென்சாரின் முன்னால் படத்தை மிக இலேசாக மங்கலாக்கும் ஒரு வடிகட்டியை வைத்துவந்தன. அலைகள் குறைந்தன, கூடவே கூர்மையும் கொஞ்சம் போனது.

ஃபூஜி 2012இல் எக்ஸ்-ப்ரோ1 கேமராவோடு எக்ஸ்-ட்ரான்ஸ் என்ற வேறொரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஆறுக்கு ஆறு கட்டத்தில் முப்பத்தாறு பிக்ஸல்கள்: இருபது பச்சை, எட்டு சிவப்பு, எட்டு நீலம். பேயரில் ஒரு கிடைவரிசையை எடுத்தால் அதில் இரண்டு நிறங்களே இருக்கும். எக்ஸ்-ட்ரான்ஸில் கிடைவரிசையானாலும் நெடுவரிசையானாலும் மூன்று நிறங்களும் உண்டு. ஒழுங்கு குலைந்த இந்த அடுக்கில் மொய்ரே எளிதில் எழாது என்பதால், மங்கலாக்கும் வடிகட்டியையே எடுத்துவிடலாம் என்பது ஃபூஜியின் கணக்கு. அந்தக் கணக்கு அன்று செல்லுபடியானது. பிக்ஸல் எண்ணிக்கை பெருகிய பிறகு பேயர் கேமராக்கள் பலவும் அந்த வடிகட்டியைக் கைவிட்டுவிட்டன. 4 கோடி பிக்ஸல் கொண்ட இன்றைய சென்சாரில் எக்ஸ்-ட்ரான்ஸால் கிடைக்கும் கூடுதல் லாபம் மிகச் சிறியது என்பது என் எண்ணம்.

விலை எங்கே என்றால், கணினியில். சிவப்புக்கும் நீலத்துக்கும் பங்கு குறைந்துவிட்டதால், அவற்றை ஊகிக்க மென்பொருள் சற்றுத் தொலைவில் இருக்கும் பிக்ஸல்களைக் கேட்க வேண்டியிருக்கிறது. பேயருக்காகப் பல ஆண்டுகள் தீட்டப்பட்ட சூத்திரங்கள் இங்கே அப்படியே பொருந்துவதில்லை. எக்ஸ்-ப்ரோ1 வந்த புதிதில் அடோபியின் மென்பொருளில் இலைக்கூட்டங்கள் நீர்வண்ண ஓவியம்போல் கலங்கித் தெரிந்தன. சிவப்பு எழுத்துகளின் ஓரத்தில் நிறம் கசிந்தது. 2013இல் வந்த லைட்ரூம் 4.4 பதிப்பு நிலைமையைப் பெரிதும் சீராக்கியது. ஆனால் அந்தப் பழைய கெட்ட பெயர் இன்னும் போகவில்லை.

மிச்சமிருப்பது ஒரே ஒரு குறை. புல்வெளி, இலைகள், சரளைக்கல் போன்ற நுண்ணிய, ஒழுங்கற்ற பரப்புகளில் கூர்மையை ஏற்றினால், சின்னச் சின்ன நெளிவுகள் எழும்பும். ஆங்கிலத்தில் இவற்றைப் புழுக்கள் என்றே அழைக்கிறார்கள். பார்த்தால் பெயர் பொருத்தம் என்பீர்கள். ஊகத்தில் எழுந்த தயக்கமான விளிம்புகளைக் கூர்மைக் கருவி உண்மையான விளிம்புகள் என்று நம்பி அழுத்தம் கொடுத்துவிடுவதுதான் காரணம். பல நேரங்களில் இது டிமொசைக்கிங்கின் குற்றத்தைவிட, அளவுக்கு மீறிக் கூர்மையேற்றுகிற கையின் குற்றம்.

லைட்ரூமில் இதற்கு மருந்து எளிது. ரா கோப்புகளுக்குக் கூர்மைப் பகுதியில் அது தானாக வைக்கும் அளவுகள்: அமவுண்ட் 40, ரேடியஸ் 1.0, டீடெய்ல் 25, மாஸ்க்கிங் 0. ஃபூஜி படத்துக்கு முதலில் டீடெய்லைப் பத்துக்குக் கீழே இறக்குங்கள். நெளிவுகளைத் தூண்டுவதில் அதற்குத்தான் முதல் பங்கு. பிறகு ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மாஸ்க்கிங் ஸ்லைடரை நகர்த்துங்கள். திரை கறுப்பு வெள்ளையாக மாறும். வெள்ளையாகத் தெரியும் இடங்களில் மட்டும் கூர்மை ஏறும். வானமும் தோலும் கறுப்பாகும்வரை நகர்த்தினால் போதும். அமவுண்டைக் கடைசியில் தொடுங்கள். எதைச் செய்தாலும் படத்தை நூறு சதவீத அளவில் வைத்துப் பார்த்துச் செய்ய வேண்டும். இருநூறு, முந்நூறு என்று பெருக்கிப் பார்த்து மனம் நோவதில் பயனில்லை. அந்த அளவில் யாரும் உங்கள் படத்தைப் பார்க்கப் போவதில்லை.

இது போதாத படங்களும் உண்டு. பெரிய அளவில் அச்சிடப் போகும் நிலக்காட்சி ஒன்றில் தூரத்து மரங்கள் கூழாகத் தெரிகின்றன என்று வையுங்கள். அதற்கு லைட்ரூமிலேயே 'என்ஹான்ஸ்' என்றொரு வசதி 2019 முதல் இருக்கிறது. இயந்திரக் கற்றலின் துணையோடு டிமொசைக்கிங்கை மறுபடி, நிதானமாகச் செய்கிறது. எக்ஸ்-ட்ரான்ஸ் கோப்புகளில் இதன் பலன் கண்ணுக்குத் தெரிகிறது. பல பதிப்புகளில் இது புதிதாக ஒரு டிஎன்ஜி கோப்பை (அடோபியின் பொதுவான ரா வடிவம்) உருவாக்கும். அது மூலக் கோப்பைவிடப் பெரியதாக இருக்கும். ஆகவே எல்லாப் படங்களுக்கும் ஓட்டி வட்டை நிரப்பாமல், தேர்ந்தெடுத்த சிலவற்றுக்கு மட்டும் பயன்படுத்துவது நல்லது.

கட்டணமில்லாத மென்பொருள்களில் டார்க்டேபிளும் ராதெரபியும் எக்ஸ்-ட்ரான்ஸைச் சிறப்பாகக் கையாளுகின்றன. இரண்டிலும் மார்க்கெஸ்டைன் என்ற முறை இருக்கிறது. ஒருமுறை ஓட்டுவதா, மூன்றுமுறை ஓட்டுவதா என்று கேட்கும். மூன்றுமுறை என்றால் நேரம் கூடும், நுட்பமும் கூடும். திருத்தும்போது ஒன்றை வைத்துக்கொண்டு, இறுதியாக ஏற்றுமதி செய்யும் முன்பு மூன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். கேப்ச்சர் ஒன் எக்ஸ்-ட்ரான்ஸுக்கு நல்ல பெயர் எடுத்த மென்பொருள். அங்கே கூர்மைக் கருவியோடு மல்லுக்கட்ட வேண்டியது குறைவு. லைட்ரூமை விடவும் மனமில்லை, நெளிவுகளும் பிடிக்கவில்லை என்பவர்களுக்காக, டிமொசைக்கிங்கை மட்டும் தானே செய்து டிஎன்ஜி கோப்பாகத் தரும் இரிடியன்ட் எக்ஸ்-டிரான்ஸ்ஃபார்மர் என்ற சிறு மென்பொருளும் இருக்கிறது.

இவ்வளவும் எக்ஸ்-ட்ரான்ஸ் கேமராக்களுக்கு. ஃபூஜியின் எல்லாக் கேமராவிலும் அந்தச் சென்சார் இல்லை. பெரிய சென்சார் கொண்ட ஜிஎஃப்எக்ஸ் வரிசை பேயர் முறைதான். எக்ஸ்-ஏ வரிசையும், எக்ஸ்-டி100, எக்ஸ்-டி200 ஆகியவையும் அப்படியே. உங்களுடையது இவற்றில் ஒன்றென்றால் நெளிவுகளைப் பற்றிய கவலையையே விட்டுவிடலாம்.

நிறம்: ஃபிலிம் சிமுலேஷன்

ஃபூஜியை விரும்பி வாங்குகிறவர்களில் சென்சாரின் அடுக்கைப் பார்த்து வாங்குகிறவர் அரிது. நிறத்துக்காகத்தான் வாங்குகிறார்கள். 1934இல் ஃபிலிம் தயாரிக்கத் தொடங்கிய நிறுவனம் அது. தன் ஃபிலிம்களின் பெயர்களையே கேமராவின் நிற அமைப்புகள் பலவற்றுக்கும் சூட்டியது. ப்ரோவியா எல்லாவற்றுக்கும் பொதுவானது. வெல்வியா நிறங்களை அள்ளிக் கொட்டும். ஆஸ்டியா தோலுக்கு மென்மை தரும். 2014இல் வந்த கிளாசிக் குரோம் நிறங்களை அடக்கி, நிழல்களைக் கனமாக்கும். அக்ரோஸ் 2016இல் எக்ஸ்-ப்ரோ2வோடும், எடர்னா 2018இல் எக்ஸ்-எச்1இலும், கிளாசிக் நெகட்டிவ் 2019இல் எக்ஸ்-ப்ரோ3இலும் வந்தன. பட்டியல் அதற்குப் பிறகும் நீண்டுகொண்டிருக்கிறது.

லைட்ரூம் ஒரு படத்தைத் திறந்ததும், வேறெதுவும் சொல்லாவிட்டால், 'அடோபி கலர்' என்ற தன் சொந்த நிறப் புரொஃபைலைப் போடுகிறது. எந்த நிறுவனத்தின் கேமராவானாலும் ஏறத்தாழ ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக உருவாக்கப்பட்டது அது. நியாயமான நோக்கம்தான். ஆனால் ஃபூஜிக்காரர் காசு கொடுத்ததே அந்த வேறுபாட்டுக்காக என்பதால் அவருக்கு அது சப்பென்றிருக்கிறது. முதல் பத்தியில் படம் சோகை பிடித்த கதை இதுதான்.

டெவலப் பகுதியில் புரொஃபைல் என்ற இடத்தைத் திறந்து 'கேமரா மேட்சிங்' தொகுப்புக்குப் போனால் ப்ரோவியா, வெல்வியா, ஆஸ்டியா எல்லாம் அங்கே வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பாருங்கள். படம் எடுத்த கேமராவில் என்னென்ன இருந்தனவோ அவை மட்டுமே தெரியும். எக்ஸ்-டி3இல் எடுத்த படத்துக்கு லைட்ரூம் கிளாசிக் நெகட்டிவ் தராது, ஏனென்றால் அந்தக் கேமராவிலேயே அது இல்லை. ஒவ்வொரு முறையும் இதைக் கையால் செய்ய விருப்பமில்லாவிட்டால், பிரிஃபரன்ஸஸில் பிரிசெட்ஸ் பக்கத்தில் ரா டிஃபால்ட்ஸ் என்ற பகுதியில் 'அடோபி டிஃபால்ட்' என்பதை 'கேமரா செட்டிங்ஸ்' என்று மாற்றிவிடலாம். அதன்பிறகு இறக்கும் படங்களுக்குக் கேமராவில் தேர்ந்தெடுத்த சிமுலேஷனே தானாக வந்து அமரும். புதிதாக வருகிறவருக்கு நான் முதலில் சொல்வது இந்த ஒரு மாற்றத்தைத்தான். மென்பொருளை மாற்றிப் பார்ப்பதைவிட இது மலிவு; பலனும் உடனடி.

புரொஃபைலை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் மற்ற ஸ்லைடர்களுக்குப் போக வேண்டும். நிறத்தை மட்டுமல்ல, வெளிச்ச வளைவையும் அது மாற்றுகிறது. அடோபி கலரில் நிழல்களையெல்லாம் பொறுமையாகத் தூக்கிச் சரிசெய்துவிட்டு, கடைசியில் வெல்வியாவுக்கு மாற்றினால் செய்த வேலை வீண். வெல்வியாவில் சிவப்புப் பூக்களின் இதழ்கள் விவரமின்றி ஒரே திட்டாகிவிடுவது வழக்கம். செறிவைக் குறைத்துப் போராடுவதைவிடப் புரொஃபைலை ப்ரோவியாவுக்கோ ஆஸ்டியாவுக்கோ மாற்றினால் இதழ்களின் மடிப்புகள் திரும்பிவிடும். நிறையத் திருத்தப் போகிறீர்கள் என்றால் ப்ரோ நெகட்டிவ் ஸ்டாண்டர்ட் நல்ல தொடக்கம். மாறுபாடு குறைந்த அமைப்பு என்பதால் உங்கள் கைக்கு இடம் விட்டுவைக்கும்.

இந்தப் புரொஃபைல்கள் அடோபி தயாரித்த நகல்கள். ஃபூஜியின் செயலியில் ஓடும் அதே சூத்திரம் அங்கே ஓடவில்லை. நெருங்கிய சாயல் இருக்கும். ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். கேப்ச்சர் ஒன் ஃபூஜியோடு சேர்ந்து வேலை செய்து 2018 முதல் சிமுலேஷன்களைத் தருகிறது. என் கண்ணுக்கு அது கேமராவின் ஜேபெக்குக்கு இன்னும் கொஞ்சம் அருகில் வருகிறது. டார்க்டேபிளிலும் ராதெரபியிலும் இவை இயல்பாகக் கிடையாது. நிறத்தை நீங்களே கட்டியெழுப்ப வேண்டும், அல்லது மற்றவர்கள் உருவாக்கிப் பகிர்ந்த நிற அட்டவணைகளை ஏற்றிக்கொள்ள வேண்டும்.

சிமுலேஷனோடு கதை முடிந்துவிடுவதில்லை. கேமராவில் கிரெய்ன் (ஃபிலிமின் மணிகள் போன்ற தோற்றம்), கலர் குரோம் (அடர்ந்த நிறங்களுக்கு ஆழம் தருவது), கிளாரிட்டி, ஒயிட் பேலன்ஸை ஒரு பக்கமாகச் சாய்ப்பது என்று பல கூட்டல் கழித்தல்கள் உண்டு. இவற்றையெல்லாம் சேர்த்து ஒரு தோற்றத்தை உருவாக்கி வைத்திருப்பவர்கள் ஏராளம். சிமுலேஷன் லைட்ரூமுக்கு வருவதுபோல் இந்தக் கூட்டணி அப்படியே வருவதில்லை. அக்ரோஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு அளவு) ஏற ஏற, படத்தில் தெறிக்கும் புள்ளிகளான இரைச்சலை ஃபிலிம் மணிகளின் சாயலில் கேமரா அமைத்துக் கொடுக்கும். லைட்ரூமின் அக்ரோஸ் புரொஃபைல் சாம்பல் நிறங்களின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டுவரும். மணிகளை நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

கேமராவின் நிறம் அச்சு அசலாக வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஃபூஜியே ஒரு வழி வைத்திருக்கிறது. 2017இல் வெளியான எக்ஸ் ரா ஸ்டுடியோ இலவச மென்பொருள். கேமராவை யூஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைக்க வேண்டும். கேமராவின் இணைப்பு அமைப்பில் ரா மாற்றத்துக்கான தேர்வை வைக்க வேண்டும். ரா கோப்பு கணினியிலிருந்து கேமராவுக்குப் போகும். கேமராவின் செயலி அதை மாற்றித் திருப்பி அனுப்பும். கணினி வெறும் திரையும் எலியும்தான். இதனால் பழைய கணினியிலும் வேகம் குறையாது. சிமுலேஷன், கிரெய்ன், கலர் குரோம் என்று கேமராவில் இருக்கும் எல்லாவற்றையும் படம் எடுத்த பிறகும் மாற்றிப் பார்க்கலாம். கிடைப்பது கேமராவே எடுத்த ஜேபெக் போலவே இருக்கும். ஆனால் எந்த மாடலில் எடுத்த கோப்போ அதே மாடலைத்தான் இணைக்க வேண்டும். படத்தின் ஒரு பகுதியை மட்டும் தனியே வெளிச்சமாக்குவது போன்ற வேலைகளுக்கும் அங்கே இடமில்லை.

எந்தக் கருவியும் இல்லாமல் கேமராவிலேயே, படங்களைப் பார்க்கும் நிலையில், ரா கோப்பை வேறு சிமுலேஷனில் ஜேபெக்காக மாற்றும் வசதியும் இருக்கிறது. பயணத்தில் கைபேசிக்கு ஒரு படம் அனுப்ப அது போதும். தோற்றம் பிடித்திருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கவும் நல்ல இடம் அதுதான்.

டிஆர் என்ற கண்ணி

ஃபூஜியின் மெனுவில் டைனமிக் ரேஞ்ச் என்று ஒன்றிருக்கிறது: டிஆர்100, டிஆர்200, டிஆர்400. பெயரைப் பார்த்தால் எண் கூடினால் நல்லது என்றுதான் தோன்றும். அது செய்யும் வேலை வேறு. டிஆர்200 வைத்தால் கேமரா வேண்டுமென்றே சென்சாரின் பதிவை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் பாதியாகும் அளவுக்கு, இருட்டாக எடுக்கிறது. டிஆர்400 என்றால் இரண்டு ஸ்டாப். வெளிச்சப் பகுதிகள் வெளிறாமல் தப்பிக்கின்றன. பிறகு ஜேபெக் தயாரிக்கும்போது நடுத்தர வெளிச்சத்தையும் நிழல்களையும் வளைவு போட்டு மேலே தூக்குகிறது. எக்ஸ்-டி3, எக்ஸ்-டி4 கேமராக்களில் டிஆர்200க்குக் குறைந்தது ஐஎஸ்ஓ 320உம் டிஆர்400க்கு 640உம் கேட்பது இதனால்தான். அடிப்படையான 160இலிருந்து ஒன்று, இரண்டு ஸ்டாப் மேலே அவை.

ஜேபெக் எடுப்பவருக்கு இது அருமையான வசதி. உச்சிவெயிலில் டிஆர்200 வைத்தால் வெள்ளைச் சட்டையின் மடிப்புகள் பிழைத்துக்கொள்ளும். ரா கோப்பைத் திருத்துகிறவருக்குத்தான் குழப்பம். லைட்ரூம் குறிப்புச் சீட்டைப் படித்து, தானே வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டிவிடுகிறது. அதனால் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். நிழல்களில் மட்டும் எதிர்பார்த்ததைவிட இரைச்சல் எட்டிப்பார்க்கும். குறிப்பைப் படிக்காத மென்பொருளில் திறந்தால் படம் இருண்டு கிடக்கும். கேமரா பழுது என்றோ, மென்பொருளுக்குக் கோப்பு புரியவில்லை என்றோ முடிவுகட்ட வேண்டாம். எக்ஸ்போஷர் ஸ்லைடரை ஒன்றோ இரண்டோ ஸ்டாப் உயர்த்தினால் படம் எழுந்துவிடும்.

ரா மட்டுமே எடுக்கிறீர்கள் என்றால் டிஆர்100இல் நிறுத்திவிட்டு, வெளிச்சப் பகுதிகளைப் பார்த்து நீங்களே எக்ஸ்போஷரைக் குறைத்துக்கொள்வது தெளிவான வழி. என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ராவும் ஜேபெக்கும் சேர்த்து எடுப்பவர்கள் டிஆர்200 வைத்துக்கொள்ளலாம். ஒரு ஸ்டாப் பெரிய இழப்பல்ல. தானியங்கித் தேர்வை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களில் ஒன்று டிஆர்100இலும் மற்றது டிஆர்200இலும் அமைந்துவிட்டால், ஒன்றுக்குச் செய்த திருத்தத்தை இன்னொன்றுக்கு ஒட்டும்போது கணக்கு தவறும்.

கோப்பைச் சேமிப்பது

2.6 கோடி பிக்ஸல் கொண்ட கேமராவில் சுருக்கப்படாத ஒரு ரா கோப்பு 50 மெகாபைட்டைத் தாண்டும். மெனுவில் இழப்பில்லாச் சுருக்கம் என்ற தேர்வு இருக்கிறது. அளவு கிட்டத்தட்டப் பாதியாகும். ஒரு எண்கூட மாறாது. அதையே வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன மென்பொருள்களின் இன்றைய பதிப்புகளில் அதைத் திறக்கத் தடையில்லை. சில புதிய மாடல்களில் இழப்போடு கூடிய சுருக்கமும் உண்டு. அவசரத்துக்கு ஆகும், வழக்கமாக்க வேண்டாம்.

புதிதாக வந்த கேமராவின் கோப்பைப் பழைய மென்பொருள் திறக்க மறுக்கும். ஆர்.ஏ.எஃப். என்ற பின்னொட்டு ஒன்றுதான் என்றாலும், ஒவ்வொரு மாடலின் நிறக் கணக்கும் மென்பொருளுக்குத் தனியே கற்பிக்கப்பட வேண்டும். புதிய பதிப்புக்கு மாறுவது ஒரு வழி. அடோபியின் இலவச டிஎன்ஜி கன்வெர்ட்டரைக் கொண்டு கோப்பை டிஎன்ஜியாக மாற்றி, பழைய லைட்ரூமிலேயே திறப்பது இன்னொரு வழி.

மாற்றிய பிறகு மூலக் கோப்பு எதற்கு, அழித்துவிடலாமே என்று தோன்றும். அழிக்க வேண்டாம். எக்ஸ் ரா ஸ்டுடியோவும் கேமராவின் உள்மாற்றமும் டிஎன்ஜியைத் தொடாது, அவற்றுக்கு ஆர்.ஏ.எஃப். கோப்புதான் வேண்டும். லைட்ரூம் உங்கள் திருத்தங்களை ஆர்.ஏ.எஃப். கோப்புக்குள் எழுதுவதில்லை. தன் பட்டியலிலோ பக்கத்தில் ஒரு சிறு துணைக் கோப்பிலோதான் எழுதுகிறது. எனவே மூலம் எடுத்த நாளில் இருந்தபடியே இருக்கும். எக்ஸ்-ப்ரோ1 வந்தபோது எடுத்த இலைகளை இன்றைய டிமொசைக்கிங்கில் மறுபடி திறந்து பார்க்கிறவர்களுக்கு, அன்று கலங்கித் தெரிந்த நரம்புகள் இப்போது தனித்தனியாகத் தெரிகின்றன. மூலக் கோப்பை வைத்திருந்தவர்களால் மட்டுமே அது முடிந்தது.